அரசனை வேண்டலும் அரசனுக்காக வேண்டலும்



தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை உருபுகளைப் படிக்கும்போது, இத்தனை சிறிய உருபுகளுக்கு இவ்வளவு பெரிய பாடமா என்று உங்களிற் பலர் சலித்துக்கொண்டிருக்கலாம். 'பேரரசனை வேண்டினான்' என்பது இரண்டாம் வேற்றுமை. 'பேரரசனுக்காக வேண்டினான்' என்பது நான்காம் வேற்றுமை. முதல் வாக்கியத்தில் பேரரசன் வரம் கொடுப்பவன். இரண்டாவதில் அவனும் வரம் பெறவேண்டியவன். தனக்காகப் பிறர் வேண்டிக்கொள்ளும் நிலையில் உள்ள ஒரு மனிதன். இந்த ஓர் உருபின் வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மறுத்து, ரோமப் பேரரசில் மனிதர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ ஆலயம் எதற்குச் சென்றாலும், ஆராதனையின் நடுவே ஒரு பகுதியைக் கேட்கலாம். நாட்டின் தலைவர், அமைச்சர்கள், நீதிபதிகள் ஆகியோருக்காகவும், நோயுற்றோர், ஏழைகள், பயணம் செய்வோர், சிறையில் இருப்போர் ஆகியோருக்காகவும் அங்கே வேண்டுதல் செய்யப்படும். கத்தோலிக்கர் இதனை விசுவாசிகளின் மன்றாட்டு என்பர். சீர்திருத்தச் சபையார் பரிந்து பேசும் ஜெபம் என்பர். கேட்பவர்க்கு இது மரியாதைக்காகச் சொல்லப்படும் வழக்கமான சில வாக்கியங்களாகத் தோன்றக்கூடும். ஆனால் இதன் பின்னே இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுப் போராட்டம் ஒன்று இருக்கிறது.

தொடக்கத்தைத் தேடினால் நாம் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் முற்பட்ட பாபிலோனுக்குச் செல்லவேண்டும். கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூத அரசனையும் பெருமக்களையும் கைவினைஞர்களையும் சிறையாகக் கொண்டுபோனான். சொந்த மண்ணை இழந்து பகைவன் நகரில் வாழ்ந்த அவர்களுக்கு எரேமியா என்னும் தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்று சொன்னதோடு, உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்த நகரத்தின் நலத்தை நாடி அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். அந்நகரம் நலமாயிருந்தால்தான் நீங்களும் நலமாயிருப்பீர்கள் என்பது அவர் காட்டிய காரணம். வென்றவனுக்காகத் தோற்றவன் வேண்டிக்கொள்வது என்ற கருத்தை அக்காலத்தில் எத்தனை பேர் விரும்பிக் கேட்டிருப்பார்கள்! அந்தக் கடிதத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியதையும், அதை எழுதியவரைச் சிறையிலிடவேண்டும் என்று பாபிலோனிலிருந்தே ஒருவன் மறுகடிதம் எழுதியதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது.

பின்னர்ப் பாரசீகர் காலம் வந்தது. எருசலேம் ஆலயத்தை மீண்டும் கட்ட உதவிய தரியு மன்னன், தன் உயிருக்காகவும் தன் மைந்தர்களின் உயிருக்காகவும் அங்கே வேண்டுதல் நடைபெறவேண்டும் என்று கட்டளையிட்டதாக எஸ்றாவின் நூலில் காண்கிறோம். ரோமர் ஆட்சி ஏற்பட்ட பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. பேரரசின் பிற பகுதிகளிலெல்லாம் சீசருக்குக் கோயில் எடுத்து, சீசருக்கே பலியிட்டார்கள். யூதர்கள் மட்டும் அதற்கு உடன்படாமல், தங்கள் கடவுளுக்குச் சீசருக்காகப் பலியிட்டார்கள். நாள்தோறும் இருவேளை இது நடந்தது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியுள்ளார். பெரும்பாலான ரோம ஆட்சியாளர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அரசியலில் சில வேறுபாடுகளைக் கூர்ந்து பாராமல் இருப்பதே அமைதிக்கு வழி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒருவன் மட்டும் கூர்ந்து பார்த்தான். அவன்தான் கயஸ் காலிகுலா. தன்னைத் தெய்வம் என்று மெய்யாகவே எண்ணத் தொடங்கிவிட்ட அந்தப் பேரரசனிடம் கி.பி. 40ஆம் ஆண்டையொட்டி அலெக்சாந்திரியா நகரத்து யூதர்களின் தூதுக்குழு ஒன்று முறையிடச் சென்றது. குழுவின் தலைவர் பிலோ என்னும் தத்துவ ஞானி. நடந்ததையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். பேரரசன் தன் தோட்ட மாளிகைகளில் அறை அறையாக நடந்து, சன்னலை எப்படி வைப்பது, சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்று வேலையாட்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டே போகிறான். தூதர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். நீங்கள் ஏன் எனக்குப் பலியிடுவதில்லை என்ற குற்றச்சாட்டு எழுகிறது. 'பலியிட்டோம், நீங்கள் அரியணை ஏறியபோதும், நோயிலிருந்து பிழைத்தபோதும், ஜெர்மானியப் படையெடுப்பின்போதும் ஆக மூன்று முறை பலியிட்டோம்' என்று இவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் காலிகுலா என்ன சொன்னான் தெரியுமா? பலியிட்டீர்கள், உண்மைதான், ஆனால் எனக்காக வேறொருவருக்குப் பலியிட்டீர்கள், எனக்கே இடவில்லையே, அதனால் என்ன பயன் என்ற கருத்தில் மறுமொழி தந்தான். பித்தன் என்று சரித்திரம் தூற்றும் அந்த மனிதன் நாம் தொடக்கத்தில் கண்ட வேற்றுமையை எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டான் பாருங்கள்! தனக்காக வேண்டப்படுவதில் தன் தெய்வத்தன்மை மறுக்கப்படுகிறது என்பதை அறிவுடைய பேரரசர்கள் கவனியாமல் விட்டார்கள், அவன் கவனித்துவிட்டான்.

சீசருக்காக இடப்பட்ட அந்தப் பலி கி.பி. 66இல் நின்றது. ஆலயக் காவல் தலைவனாயிருந்த எலெயாசர் என்னும் இளைஞன், அயலார் சார்பில் எந்தப் பலியும் ஏற்கலாகாது என்று குருக்களை இணங்கச் செய்தான். முதியோர் கெஞ்சியும் பயனில்லை. ரோமரோடு மூண்ட போருக்கு இதுவே அடிப்படை என்கிறார் ஜோசிபஸ். நான்கு ஆண்டுகளில் எருசலேம் ஆலயம் தீக்கிரையாயிற்று. ஒரு வேண்டுதலை நிறுத்துவது போர்ப் பிரகடனமாகக் கருதப்பட்ட காலம் அது.

கிறிஸ்தவச் சபை பிறந்தது இந்தச் சூழ்நிலையில்தான். பவுலின் பெயரால் வழங்கும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில், எல்லா மனிதருக்காகவும் வேண்டுதல் செய்யவேண்டும் என்ற அறிவுரை வருகிறது. அதைத் தொடர்ந்து அரசர்களும் அதிகாரமுள்ள யாவரும் குறிக்கப்படுகிறார்கள். இந்த வரிசையை நீங்கள் கவனிக்கவேண்டும். முதலில் எல்லா மனிதரும். அரசர்கள் அந்தப் பெருந்தொகையில் ஒரு பகுதியினர். வேண்டுதலின் நோக்கமும் அங்கேயே சொல்லப்படுகிறது. மன்னன் வெற்றி பெறவேண்டும், எல்லையை விரிக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. மக்கள் கலகமின்றி அமைதியாக வாழவேண்டும் என்று கேட்கிறது. ரோம நகரம் எரிந்த கி.பி. 64இல் அந்தப் பழியைக் கிறிஸ்தவர்மீது சுமத்திக் கொடுமை செய்தவன் நீரோ. அவனைப் போன்றோரும் அந்த 'அரசர்கள்' என்ற சொல்லில் அடங்குவர்.

ஏறத்தாழ கி.பி. 96இல் ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பியது. கிளெமென்ட் எழுதியது என்று மரபு கூறும். அதன் முடிவில் ஒரு ஜெபம் இருக்கிறது. துன்பப்படுவோரைக் காக்கவும், விழுந்தோரைத் தூக்கவும், பசித்தோர்க்கு உணவு கிடைக்கவும், சிறைப்பட்ட தம்மவர் விடுதலை பெறவும் அது வேண்டுகிறது. அடுத்து ஆட்சியாளருக்கு உடல்நலம், சமாதானம், உறுதி ஆகியவை கிடைக்கவேண்டும் என்கிறது. தம்மவரைச் சிறையில் வைத்திருக்கும் அரசின் நலத்தையும், அந்தச் சிறையிலிருந்து தம்மவரின் விடுதலையையும் ஒரே மூச்சில் கேட்கும் அந்த ஜெபத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

அப்படியானால் இவர்களை ரோமர் ஏன் கொன்றார்கள்? அடுத்த நூற்றாண்டில் நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கி.பி. 180 ஜூலை 17ஆம் நாள் வடஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், ஸ்கில்லி என்ற சிற்றூரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஆளுநர் சாட்டர்னினஸ் முன் நிறுத்தப்பட்டார்கள். ஆண்கள் எழுவர், பெண்கள் ஐவர். விசாரணையின் குறிப்பு இலத்தீனில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு பக்க அளவுக்குமேல் அதிகமில்லை. ஆளுநர் கொடியவராகத் தெரியவில்லை. எங்கள் சமயம் எளிமையானது, பேரரசரின் காவல் தெய்வத்தின்மேல் ஆணையிடுகிறோம், அவர் நலத்துக்காக வேண்டிக்கொள்கிறோம், நீங்களும் அவ்வாறே செய்யுங்கள் என்று நயமாகவே சொல்கிறார். பேரரசர் நலத்துக்காக வேண்டுவதில் கிறிஸ்தவர்களுக்கு மறுப்பில்லை. அவருடைய காவல் தெய்வத்தின்மேல் ஆணையிட்டு அவரைத் தெய்வ வரிசையில் வைப்பதுதான் அவர்களால் ஆகவில்லை. ஸ்பெராட்டஸ் என்பவர், நான் வாங்கும் பொருளுக்கு வரி செலுத்துகிறேன், திருடியதில்லை என்று சொல்லித் தம் கடவுளே அரசர்க்கெல்லாம் அரசர் என்கிறார். டொனாட்டா என்ற பெண்மணியின் பேச்சு இன்னும் சுருக்கமானது. சீசருக்குச் சீசர் என்ற அளவில் மதிப்பு. அச்சம் கடவுளுக்கு மட்டுமே என்ற பொருள்படப் பேசுகிறார். உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்க, நூல்களும், நீதிமானாகிய பவுலின் நிருபங்களும் என்று விடை வருகிறது. யோசித்துப் பார்க்க முப்பது நாள் தவணை தர ஆளுநர் முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அன்றே தலை வெட்டப்பட்டது.

அதே கார்த்தேஜ் நகரில் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 197இல், தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் ஆட்சியாளர்களுக்கு ஒரு மறுப்பு நூல் எழுதினார். வழக்கறிஞரின் வாதத்திறமை அவர் எழுத்தில் வரிக்கு வரி தெரியும். நாங்கள் எல்லாப் பேரரசர்களுக்காகவும் எப்போதும் வேண்டுகிறோம் என்று கூறி, வேண்டுவனவற்றை எண்ணிக் காட்டுகிறார்: நீண்ட ஆயுள், கவலையற்ற ஆட்சி, பாதுகாப்பான அரண்மனை, வீரமுள்ள படை, நம்பிக்கைக்குரிய ஆட்சிமன்றம், நேர்மையுள்ள மக்கள், அமைதியான உலகம். யாரும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காமல், நெஞ்சிலிருந்து வருவதால் நாங்களே சொல்கிறோம் என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொள்கிறார். பிறகுதான் அவருடைய முக்கிய வாதம் வருகிறது. பேரரசன் மனிதன், மனிதனாயிருப்பதால்தான் பேரரசனாயிருக்க முடிகிறது. வெற்றி ஊர்வலத்தில் தேரில் நிற்கும்போதுகூட, நீ மனிதன் என்பதை மறவாதே என்று பின்னாலிருந்து ஒருவன் நினைவூட்டுவது ரோமரின் சொந்த வழக்கமே அன்றோ என்று மடக்குகிறார். அந்தத் தேரின் பின்னால் நிற்பவனின் வேலையைத்தான் தங்கள் ஜெபம் செய்கிறது என்பது அவர் கட்சி.

மூன்றாம் நூற்றாண்டில் போராட்டம் முற்றியது. 250இல் டீசியஸ் என்ற பேரரசன், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். அப்படி வழங்கப்பட்ட சான்றிதழ்கள் சில எகிப்தின் மணலுக்குள்ளிருந்து இக்காலத்தில் எடுக்கப்பட்டுள்ளன. 303இல் டயோக்ளீஷியன் ஆட்சியில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. வேத நூல்கள் எரிக்கப்பட்டன. அக்கொடுமைகளுக்குத் தூண்டுகோலாயிருந்தவன் எனக் கருதப்படும் கலேரியஸ், பின்னர்த் தானே பேரரசனாகி, கொடிய நோயில் வீழ்ந்தான்.

இந்த வரலாற்றில் மிக வியப்பான ஆவணம் அவன் வெளியிட்டதுதான். 311 ஏப்ரல் 30ஆம் நாள் நிக்கொமேதியா நகரில் அவனுடைய ஆணை ஒட்டப்பட்டது. கிறிஸ்தவர்களைப் பழைய சமயத்துக்குத் திருப்ப முயன்றோம்; பலர் திரும்பவில்லை; இப்போது அவர்கள் எங்கள் தேவர்களையும் வணங்காமல், தங்கள் கடவுளையும் வழிபட இயலாமல் இருக்கிறார்கள்; ஆதலின் அவர்கள் மீண்டும் கூடலாம் என்று அது அனுமதி தருகிறது. அதற்குப் பதிலாக அவர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தங்கள் கடவுளிடம் எங்கள் நலத்துக்காகவும், நாட்டின் நலத்துக்காகவும், தங்கள் நலத்துக்காகவும் வேண்டிக்கொள்ளவேண்டும் என்கிறது. 'என்னை வேண்டு' என்று வாளை உருவிய பேரரசு 'எனக்காக வேண்டு' என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டது. சில நாட்களில் கலேரியஸ் இறந்துபோனான்.

இரண்டாண்டு கழித்து, 313இல், கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் சமய உரிமையை எல்லோர்க்கும் வழங்கினார்கள். கதை இங்கே முடிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசன் கிறிஸ்தவனானதும் வேறொரு சிக்கல் தோன்றியது. முன்பு வேண்டுதல் விருப்பத்தால் செய்யப்பட்டது; இனி அது கடமை, பின்னர்ச் சட்டம். யாருடைய பெயர் ஜெபத்தில் படிக்கப்படுகிறதோ அவரே முறையான அரசர் என்றாயிற்று. இஸ்லாமிய நாடுகளிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பாப் பேருரையில் அரசர் பெயரைச் சொல்வது ஆட்சியுரிமையின் அடையாளமாக இருந்ததை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். பெயரைச் சேர்த்தால் விசுவாசம், விட்டால் துரோகம்.

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரு சிறு செய்தியை மட்டும் குறிப்பிடுகிறேன். கத்தோலிக்கரின் பெரிய வெள்ளிக்கிழமை மன்றாட்டுகளில் பேரரசருக்காக ஒன்று இருந்தது. புனித ரோமப் பேரரசு 1806இல் கலைந்துபோயிற்று. ஆனால் அந்த மன்றாட்டு வழிபாட்டு நூலில் அச்சாகிக்கொண்டே இருந்தது. வேண்டிக்கொள்ளப் பேரரசர்தான் இல்லை. 1955இல் வழிபாட்டு முறையைத் திருத்தியபோதுதான் அதன் இடத்தில் நாடுகளை ஆள்வோர் அனைவருக்குமான மன்றாட்டு வந்தது. அரசுகள் மறைவதைவிட மெதுவாகத்தான் ஜெபப் புத்தகங்கள் மாறுகின்றன!

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே எட்டாம் ஹென்றியின் காலத்திலிருந்து அரசரே சபையின் தலைவர். 1544இல் கிரான்மர் பேராயர் ஆங்கிலத்தில் அமைத்த மன்றாட்டு மாலையில் அரசருக்கு முதன்மையான இடம் உண்டு. எனினும் அதே மாலை, தரையிலும் நீரிலும் பயணம் செய்வோர், பேறுகாலப் பெண்கள், நோயாளிகள், சிறு குழந்தைகள், சிறைப்பட்டோர், அநாதைகள், விதவைகள், ஈற்றில் பகைவர் என எல்லோரையும் நினைக்கிறது. பழைய கிளெமென்ட் கடிதத்தின் நெஞ்சம் அங்கே மறையவில்லை. 1549இல் பொது ஜெபப் புத்தகம் வெளிவந்தது. 1662இல் அதன் நிலையான வடிவம் அமைந்தது.

1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்தார்கள். ஜெபத்தில் பெயரை மாற்றிச் சொல்லவேண்டும். புதிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்யவேண்டும். கேன்டர்பரிப் பேராயர் சான்கிராப்டும், வேறு சில பேராயர்களும், ஏறத்தாழ நானூறு குருமாரும் மறுத்துப் பதவி இழந்தார்கள். ஒருவர் உயிரோடிருக்கையில் அவருக்குக் கொடுத்த வாக்கை விட்டு இன்னொருவர் பெயரை எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. வியப்பு என்னவென்றால், இதே சான்கிராப்ட் அந்த ஆண்டில்தான் ஜேம்ஸ் மன்னரின் ஆணை ஒன்றை எதிர்த்துச் சிறை சென்றிருந்தார். தம்மைச் சிறையிலிட்ட மன்னருக்காகத் தம் பதவியை விட்டார். ஸ்காட்லாந்தின் எபிஸ்கோப்பல் சபையார் இன்னும் பிடிவாதமாக இருந்தார்கள். ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சொல்ல மறுத்ததற்காகச் சட்டங்கள் அவர்களை நசுக்கின. ஸ்டுவர்ட் வமிசத்து இளவரசர் சார்லஸ் 1788இல் இறந்த பிறகே அவர்கள் மூன்றாம் ஜார்ஜின் பெயரை ஜெபத்தில் சேர்த்தார்கள். சட்டம் 1792இல் நீக்கப்பட்டது.

அதே ஜார்ஜின் பெயர் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் அடிக்கப்பட்டிருந்தது. 1776 ஜூலை 4ஆம் நாள் பிலடெல்பியாவில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றன. அன்றே அந்நகரின் கிறிஸ்து ஆலயத்து நிர்வாகிகள் கூடி, மன்னருக்கான ஜெபங்களை விட்டுவிடத் தீர்மானித்தார்கள். குருவானவர் ஜேக்கப் டூஷே தம் ஜெபப் புத்தகத்தில் அவ்வரிகளை மையால் அடித்துத் திருத்தினார். அடுத்த ஆண்டிலேயே அவர் மனம் மாறி, விடுதலைப் பிரகடனத்தைக் கைவிடச் செய்யும்படி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார் என்பது வேறு கதை. மையால் அடிப்பது எளிது. மனம் அவ்வளவு எளிதில் ஒரு பக்கம் நிற்பதில்லை.

அமெரிக்காவின் உள்நாட்டுப் போரில் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. 1862 பிப்ரவரி 9ஆம் நாள் வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகரிலுள்ள தூய பவுல் ஆலயத்தில் ஸ்டூவர்ட் என்ற குருவானவர் ஜனாதிபதிக்கான ஜெபத்தை விட்டுவிட்டார். ஆராதனையின் நடுவிலேயே வடவர் படையினர் அவரைக் கைது செய்து கொண்டுபோயினர். போர் முடிந்த 1865இல் அலபாமா மாநிலத்துப் பேராயர் வில்மர், இராணுவ ஆட்சி நீங்கிக் குடியாட்சி திரும்பும்வரை அந்த ஜெபத்தைச் சொல்லவேண்டாம் என்று தம் குருமாருக்கு எழுதினார். செப்டம்பரில் தளபதி ஒருவர் ஆணை பிறப்பித்து, பேராயரும் குருமாரும் ஆராதனை நடத்தலாகாது எனத் தடுத்தார். சில மாதங்களுக்குப் பின் ஜனாதிபதியே தலையிட்டு அந்த ஆணையை நீக்கச் செய்தார். குடியாட்சி திரும்பியதும் வில்மர் தாமாகவே அந்த ஜெபத்தை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அவர் ஆதரித்த தென்மாநில அரசு மனிதரை விலைக்கு விற்ற அரசு. அதன்மேல் எனக்குச் சிறிதும் பரிவில்லை. எனினும் படைவீரன் உத்தரவிட்டுச் செய்விக்கும் ஜெபம் ஜெபமாகாது என்ற அவர் வாதத்தை மறுக்க முடியவில்லை. காலை வணக்கத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளை வாய் திறந்து பாடச் செய்ய ஒரு தலைமையாசிரியனால் முடியும். அப்போது அவர்கள் மனம் வகுப்பறையில் இருக்கிறதா, விளையாட்டுத் திடலில் இருக்கிறதா என்பதை அவன் ஆணையிட முடியாது. முப்பது ஆண்டுகள் அந்த வரிசையின்முன் நின்றவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நம் ஊரிலும் இந்தப் பெயர் மாற்றம் நிகழ்ந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியன்னை ஆலயம் 1680 அக்டோபர் 28ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது. ஆங்கிலச் சபையின் முறைப்படி அங்கே இரண்டாம் சார்லஸ் தொடங்கி இங்கிலாந்து மன்னர்களுக்காக ஜெபம் செய்யப்பட்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாவரவியலிலும் தமிழ் அகராதித் தொகுப்பிலும் பெயர் பெற்ற ராட்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் பொது ஜெபப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தார். அதனால் தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளின் சிற்றூர் ஆலயங்களிலும் எங்கோ கடலுக்கப்பால் இருந்த அரசரின் பெயர் தமிழில் ஒலித்தது. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானபின், முடியரசருக்கு உரியதாயிருந்த இடம் வேண்டுதலில் குடியரசுத் தலைவருக்கு உரியதாயிற்று. இங்கே யாரும் கைதாகவில்லை. ஆலயக் கதவுகளும் அடைபடவில்லை. புதிய தலைவர் நாம் தேர்ந்தவர் என்பதே காரணமாயிருக்கவேண்டும்.

ஆனால் ஆட்சியே அநீதியாக இருந்தால்? இருபதாம் நூற்றாண்டு இக்கேள்வியை மிகக் கடுமையாகக் கேட்டது.

ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி திருச்சபையைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, அதற்கு உடன்படாதவர்கள் அறிக்கைத் திருச்சபை என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். கைது செய்யப்பட்ட, நாடு கடத்தப்பட்ட, பேசத் தடை செய்யப்பட்ட போதகர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி, ஞாயிறுதோறும் ஆராதனையில் படித்து அவர்களுக்காக ஜெபித்தார்கள். 1937 ஜூலை முதல் நாள் மார்டின் நீமொல்லர் கைதானபோது அவர் பெயரும் அப்பட்டியலில் சேர்ந்தது. செய்தித்தாள்கள் மறைத்ததை மக்கள் ஜெபத்தின் வாயிலாக அறிந்தார்கள். பெயரை விட்டதற்காகத் தண்டித்த அரசுகளை இதுவரை கண்டோம். பெயரைச் சொன்னதற்காகச் சினந்த அரசு இது. 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாகியாவைப் பற்றி ஐரோப்பா முழுவதும் போர் அச்சத்தில் இருந்தபோது, அச்சபையின் தலைமைக் குழு ஒரு ஜெப முறையைத் தயாரித்தது. அதில் வெற்றிக்கான வேண்டுதல் இல்லை. தங்கள் நாட்டின் பாவங்களை அறிக்கையிட்டு, போரைத் தவிர்க்கும்படி அது கேட்டது. போரால் துன்புறக்கூடிய எல்லா நாட்டு மக்களையும் நினைத்தது. ஹிட்லரின் கறுப்புச் சட்டைப் படையினரது பத்திரிகை அதைத் தேசத் துரோகம் என்று வசைபாடியது. வருந்தத்தக்க செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும்: புகழ்பெற்ற சில பேராயர்கள், அதற்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் கேள்வி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1976 ஜூன் 16ஆம் நாள் சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் — உங்கள் வயதினர்தாம் — தங்கள்மீது திணிக்கப்பட்ட மொழிக் கொள்கையை எதிர்த்து ஊர்வலம் சென்றபோது காவற்படையினர் சுட்டார்கள். அதன் ஒன்பதாம் ஆண்டு நிறைவில், 1985 ஜூன் 16இல், அநீதியான ஆட்சி ஒழிய வேண்டி ஜெபிக்கும்படி கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு மக்களை அழைத்தது. உடனே பெரும் விவாதம் எழுந்தது. ஆள்வோருக்காக வேண்டுங்கள் என்றல்லவா வேதம் சொல்கிறது, ஆட்சி நீங்க வேண்டலாமா என்று சிலர் கேட்டார்கள். சபைத் தலைவர்களிலேயே சிலர் விலகி நின்றார்கள். அழைப்பை எழுதியவர்கள் இந்த மறுப்பை எதிர்பார்த்தே இருந்தார்கள். இதுவரை ஆள்வோருக்காக வேண்டி வந்திருக்கிறோம்; அந்த வேண்டுதலின் நோக்கம் மக்கள் அமைதியாகவும் நேர்மையாகவும் வாழ்வது; ஆட்சியே அதற்குத் தடையானால், அந்நோக்கம் நிறைவேறவே அவர்கள் நீங்கவேண்டும் என்று வேண்டுகிறோம் என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள்.

இந்த விவாதத்தில் நான் அழைப்பு விடுத்தவர்களின் பக்கம். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் 'எல்லா மனிதரும்' முதலிலும் 'அரசர்கள்' அடுத்தும் வருகிறார்கள் என்று முன்பே சொன்னேன். அந்த வரிசையை மாற்றி, அரசர் நலத்துக்கு மக்களைப் பலியாக்கும் வேண்டுதலைத்தான் அந்த நிருபம் கற்பித்தது என்று சொல்ல இயலாது. ஆனால் மறுபக்கத்தாரின் அச்சத்தையும் நான் இகழமாட்டேன். நீங்கவேண்டும் என்று வேண்டும் மனம், அழியவேண்டும் என்று வேண்டும் மனமாக ஓரிரவில் மாறிவிடக்கூடும்.

1994 ஏப்ரலில் அங்கே எல்லா இனத்தாரும் முதன்முறையாக வாக்களித்தார்கள். மே 10ஆம் நாள் பிரிட்டோரியாவில் நெல்சன் மண்டேலா ஜனாதிபதியாகப் பதவியேற்றார். விழாவில் இந்து, இஸ்லாமிய, யூத சமயத்தாரும் வேண்டுதல் செய்தனர். கிறிஸ்தவர் சார்பில் ஜெபம் செய்தவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. சபைகளின் கூட்டமைப்புக்கு 1985இன் தொடக்கம்வரை பொதுச் செயலாளராக இருந்தவர் அவர்தான். பழைய ஆட்சியின் கடைசி ஜனாதிபதியான டி கிளார்க் துணை ஜனாதிபதியாக அதே மேடையில் நின்றுகொண்டிருந்தார்.